நடுவில் இருந்த கதிரை

கார்ட்டியர்வில்
9 பெப்ரவரி 2026

ரதீசனின் அப்பாவுக்கு,

மரண சாசனம் எழுதப் போகிறோம் என்று பொய் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்த்ததில் உங்கள் பெயரில் இருப்பவற்றில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய கடதாசியில் என்னிடம் கையொப்பம் வாங்கினீர்கள். நீங்கள் எனக்குச் செய்த அநியாயம் இதுதான். "அவவுக்கு ஏதோ கோபம், ரண்டு நாளில வந்திடுவா" என்று தனுஷாவுக்குப் போன் எடுத்துச் சொன்னீர்களாம். தனுஷா என்னுடைய சிநேகிதி. நான் அவளுடைய கீழ் வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் பத்து நிமிடத்தில் எனக்கு வந்துவிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களோடு போனில் கதைக்க மாட்டேன். நீங்கள் சத்தம் போடுவீர்கள். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பிரஷர் குளிசை போட்டீர்களா என்று கேட்பேன். எங்கள் சண்டையெல்லாம் இதுவரை அப்படித்தான் முடிந்தது. இந்தமுறை எழுத்தில் இருக்கட்டும்.

நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். பொங்கலுக்கு அடுத்த கிழமை. காரை நான் ஓட்டினேன், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். "இஞ்சரும், வயசு போகுது. நாளைக்கு ஒண்டு நடந்தாப் பிள்ளையள் அடிபடக்கூடாது. சாசனம் ஒண்டு எழுதி வைப்பம்" என்றீர்கள். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். என்னை ஏமாற்றுகிற இடத்துக்கு என்னையே கார் ஓட வைத்தீர்கள்.

புவாண்ட்-கிளேரில் உறுதி எழுதும் அந்த நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் மூன்று கதிரை போட்டிருந்தது. உங்கள் வரிக் கணக்குப் பார்க்கும் வலன்ரைன் எங்களுக்கு முன்பே வந்து நடுக் கதிரையில் இருந்தான். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவனாம். நொத்தாரிசு பக்கம் பக்கமாகப் பிரெஞ்சில் வாசித்தார். வலன்ரைன் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம். "அக்கா, எல்லாம் வழக்கமான கதைதான், ஓமெண்டு சொல்லுங்கோ."

மொன்றியலில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் பதினெட்டு வருடம் சமைத்தவள் நான். அந்தக் கார்டெரிப் பிரெஞ்சு எனக்கு விளங்கும். பால் குடி, சப்பாத்தைப் போடு, அவனைக் கடிக்காதே. அந்த மனிதர் வாசித்தது வேறு பிரெஞ்சு. பிரிப்பது என்று பொருள்படும் செப்பராசியோன் என்ற சொல் மட்டும் இரண்டு மூன்று தரம் காதில் விழுந்தது. நான் எட்டி உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் கொழுவியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஏன் அங்கேயே கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். பிறத்தியார் முன்னால் உங்களைக் கேள்வி கேட்டு நான் ஒருநாளும் உங்களைச் சிறுமைப்படுத்தியதில்லை. உங்கள் தமையன் பிழையான கணக்குச் சொன்னபோதும், கோயில் நிர்வாகத்தில் நீங்கள் தேவையில்லாமல் வாயை விட்டபோதும் வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். அந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அதை நம்பித்தான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

கடதாசியின் பிரதி தபாலில் வந்தபோது நீங்கள் நித்திரை. அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் இல்லை நான். பால் பெட்டியிலும் பஸ் நிறுத்தத்திலும் எழுதியிருந்ததைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் படித்து முடித்தேன். அதில் எனக்கு இரண்டாம் தரப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

குணேஸ்வரி


ரொக்ஸ்பரோ
14 பெப்ரவரி 2026

குணம்,

வீடு இருக்கிறது, நானும் இருக்கிறேன். வாசலில் நீர் போன அன்று இருந்ததைவிட இரண்டு மடங்கு பனி. பக்கத்து வீட்டுக்காரன் தன்னுடைய மெசினால் எங்கள் பாதையையும் தள்ளிவிட்டான். "மதாம் எங்கே" என்று கேட்டான். ரொறன்ரோவுக்கு என்று சொன்னேன்.

நீர் எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் நீர் அதற்கு வைத்த பெயர் பிழை.

ரதீசன் புவாண்ட்-கிளேரில் மீன் களஞ்சியம் தொடங்குவது உமக்குத் தெரியும். உறைந்த மீனையும் இறாலையும் இறக்கிக் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. அதற்குக் கடன் தருகிறவர்கள் அவனுடைய கையொப்பம் மட்டும் போதாது, தகப்பனும் பிணை நிற்க வேண்டும் என்கிறார்கள். இது உமக்குத் தெரியாது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் நான் கையொப்பம் வைக்க வேண்டும்.

வலன்ரைனிடம் கேட்டேன். "அண்ணை, சும்மா போய் வைச்சியளெண்டா நாளைக்கு அக்காவின்ர காசிலயும் கை வைப்பாங்கள். முதல் ரண்டு பேரின்ர சொத்தையும் பிரிச்சுப் போட்டுப் பேந்து வையுங்கோ" என்றான். கலியாணத்துக்குப் பிறகும் அப்படி ஒப்பந்தம் எழுதலாம், கடை வைத்திருக்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் செய்கிறார்கள் என்றான். அப்படித்தான் செய்தேன். களஞ்சியம் விழுந்தால் என்னோடு விழட்டும், உம்முடைய சேமிப்பில் ஒருவரும் தொடக்கூடாது. இதுதான் நான் உமக்குச் செய்த அநியாயம்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீர் பிணை வைக்க விடமாட்டீர். நிருஷாவுக்கு லாவாலில் வீட்டுக்கு முன்பணம் கட்டி, அது மகளின் சீதனம் என்று ஊர் முழுக்கச் சொன்னோம். அவனுக்கு என்ன கொடுத்தோம்? ஆம்பிளைப் பிள்ளை உழைப்பான் என்று விட்டோம். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வந்து, "அப்பா, ஒரு கையெழுத்து" என்று கேட்கிறான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செலவையும் எழுதுகிறேன், பிறகு அதற்கும் சண்டை வேண்டாம். ஆயிரத்து எண்ணூறு டொலரில் முடித்தோம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர், உமக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் என்று போனால் இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்று வலன்ரைன் சொன்னான். வீட்டுக்குள் நடக்கிற விஷயத்துக்கு அது வீண் செலவு.

இத்துடன் மின்சாரக்காரர் அனுப்பிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். சிவப்பு எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறது. என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதும்.

குளிசை போடுகிறேன்.

இரவிச்சந்திரன்


கார்ட்டியர்வில்
19 பெப்ரவரி 2026

ரதீசனின் அப்பாவுக்கு,

அது மின்சாரக்காரரின் கடிதம் இல்லை. வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் விற்கிறவர்களின் விளம்பரம். இந்த மாதத்துக்குள் வாங்கினால் கழிவு உண்டு என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். எறியுங்கள்.

விளம்பரத் துண்டு ஒன்றுக்கு நான் வேண்டும். முத்திரை போட்டுத் தபாலில் அனுப்பி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். என்னுடைய வாழ்க்கையை எழுதிய ஒன்பது பக்கத்துக்கு வலன்ரைன் போதும்.

மொழிபெயர்ப்பாளர் வீண் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்ப வாசித்துப் பாருங்கள். அந்தக் கடதாசிக்கு ஆன செலவில் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்துகிற ஆளுக்குக் கொடுக்க வேண்டிய காசு.

இனி என்னைக் காப்பாற்றிய கதைக்கு வருகிறேன். வீடு இரண்டு பேரின் பெயரிலும் இருக்கிறது. நீங்கள் பிணை நின்று, களஞ்சியம் விழுந்து, உங்கள் பாதியைக் கொண்டுபோனார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் பாதி தப்பிவிட்டது. நான் அந்த வீட்டில் யாரோடு இருப்பது? கடன்காரனோடு மேல் அறையைப் பங்கு போட்டுக்கொள்வதா? உங்களை வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே இருந்து சோறு சாப்பிடுவேன் என்று நினைத்தா பிரித்தீர்கள்? நீங்களும் வலன்ரைனும் இதை யோசித்தீர்களா, அல்லது யோசிக்கிற வேலையையும் மிச்சம் பிடித்தீர்களா?

2004ஐ உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. சமாதானம் என்று சொன்ன அந்தக் கொஞ்சக் காலத்தில் ஊருக்குப் போய், ரொக்ஸ்பரோ வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காகக் கொக்குவில் காணியை விற்றோம். அது என் அப்பா எனக்குச் சீதனமாக எழுதிய காணி. ஆனாலும் புருஷனுடைய சம்மதம் எழுத்தில் இல்லாமல் பெண் விற்க முடியாது என்று அங்கத்தைச் சட்டம். நீங்கள் என்ன செய்தீர்கள்? யாழ்ப்பாணத்து நொத்தாரிசைப் பார்த்து, "ஐயா, வரிக்கு வரி வாசியுங்கோ, விளங்காமல் நான் கையெழுத்து வைக்கிறதில்லை" என்று சொன்னீர்கள். அந்த மனிதர் வேர்க்க வேர்க்க இரண்டு தரம் வாசித்தார். நான் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தேன். என்னுடைய காணியில் நீங்கள் வைக்கிற கையொப்பத்துக்கு அவ்வளவு மரியாதை. என்னுடைய கையொப்பத்துக்கு "ஓமெண்டு சொல்லுங்கோ".

சொன்னால் நான் விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டீர்களா? ரதீசன் என்ன, உங்கள் முதல்தாரத்துப் பிள்ளையா? அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியாதா? நான் மறுப்பேன் என்று நீங்களே கேள்வி கேட்டு, நீங்களே பதில் சொல்லி, அந்தப் பதிலுக்காக என்னைத் தண்டித்திருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரனுக்கு உண்மையைச் சொல்லுங்கள். நான் ரொறன்ரோவில் இல்லை. புது ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறேன்.

குணேஸ்வரி


ரொக்ஸ்பரோ
27 பெப்ரவரி 2026

குணம்,

கொக்குவில் காணியை ஏன் இழுக்கிறீர்? அது வேறு, இது வேறு. அங்கே வாங்கினவன் கள்ளன், அதனால் வாசிக்கச் சொன்னேன்.

நீர் நன்றாக எழுதுகிறீர். நான் சங்கக்கடை நடத்தியவன், சரக்கு வந்தது போனது எழுதத்தான் எனக்கு வரும். எழுத்தில் உம்மோடு போட்டி போட என்னால் ஏலாது. நேரில் வாரும், கதைப்போம். வராவிட்டால் அது உம்முடைய பிடிவாதம்.

ரதீசன் முகம் கொடுத்துக் கதைக்கிறான் இல்லை. களஞ்சியத்துக்குக் குளிரறை பூட்டுகிறவர்களுக்கு அவன் நாள் சொல்லிவிட்டான். அவனை உம்மிடம் அனுப்புகிறேன். உமக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் சொல்லும். என்னிடம் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால்.

இந்த ஞாயிறு இடியப்பம் வாங்கினேன். கடையில் கொடுத்த சொதி தண்ணீர்.

இரவிச்சந்திரன்


கார்ட்டியர்வில்
8 மார்ச் 2026

ரதீசனின் அப்பாவுக்கு,

ரதீசன் வந்தான். கையில் ஒரு பெட்டி விளைமீன். சமாதானத்துக்கு மீன் கொண்டுவருகிற பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று, "அம்மா, நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். நான் அதை நம்பித்தான் குளிரறைக்காரருக்கு நாள் குடுத்தனான்" என்றான்.

"நான் எதுக்கு ஓமெண்டு சொன்னனான் எண்டு அப்பா சொன்னவரோ?"

"பிணைக்கு. பிரிக்கிறதுக்கு. எல்லாத்துக்கும்."

"எனக்குச் சொன்னது சாசனம் எண்டு."

அவன் அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றினான். பிறகு, "அப்பாவுக்கு விசர்" என்றான். அப்பாவை அப்படிச் சொல்லக்கூடாது என்று கண்டித்தேன். ஆனால் மீனை வாங்கி வைத்தேன்.

நீங்கள் எனக்குச் சொல்லாதது மட்டுமில்லை, அவனுக்கும் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அவன் தாய் சம்மதித்துவிட்டாள் என்று நம்பி இன்னொருவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். ஒரு பொய்யில் மூன்று பேரைக் கட்டிப் போட்டீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. தனுஷா விசாரித்து அஹுன்ட்சிக்கில் ஒரு நொத்தாரிசைக் கண்டுபிடித்தாள். எலிசா என்று பெயர். சின்ன வயது, வயிற்றுப் பிள்ளைக்காரி. தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் காசு கொடுத்து நானே பிடித்தேன். மொழிபெயர்த்த பிள்ளை, எலிசா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. எலிசா தும்மினால், "மன்னிக்கவும் என்று சொல்லுகிறா" என்று அதையும் தமிழில் சொன்னாள்.

எலிசா சொன்னதை நீங்களும் இருந்து வாசியுங்கள்.

இப்படி ஒப்பந்தம் எழுதுவதில் பிழை ஒன்றும் இல்லையாம். தொழில் தொடங்குகிறவர்கள், இரண்டாம் கலியாணம் செய்தவர்கள், தாய் தகப்பனிடம் இருந்து சொத்து வரப்போகிறவர்கள், இப்படிப் பலர் எழுதுகிறார்களாம். ஆனால் முதலில் புருஷனும் பெண்சாதியும் கதைத்து, தனித்தனியே ஆலோசனை கேட்டு, பிறகுதான் எழுத வருவார்களாம். "உங்களிடம் கதைக்கவே இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டாவது. நாங்கள் குடியிருக்கிற வீடு, கார், தளபாடம், ஓய்வூதியச் சேமிப்பு, இவற்றின் பெறுமதி இந்த மாகாணச் சட்டப்படி புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் பொது. கலியாணம் இருக்கும்வரை நாங்கள் எதை எழுதிக் கையொப்பம் வைத்தாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாதாம். உங்கள் ஒன்பது பக்கத்தில் பாதி காற்றில் எழுதியது.

மூன்றாவதுதான் பெரியது. எலிசா எங்கே கலியாணம் நடந்தது என்று கேட்டாள். யாழ்ப்பாணம் என்றேன். கலியாணம் கட்டின நேரம் எங்கே குடியிருந்தீர்கள்? அதுவும் யாழ்ப்பாணம். கனடாவுக்கு எப்போது வந்தீர்கள்? ஐந்து வருடம் கழித்து. அவள் பேனாவை வைத்துவிட்டாள். அப்படியென்றால் உங்கள் சொத்துக்கு இந்த மாகாணத்தின் பொது விதி பொருந்தாது, கலியாணம் செய்தபோது நீங்கள் குடியிருந்த ஊரின் சட்டம்தான் இவ்வளவு காலமும் உங்களோடு கூட வந்திருக்கிறது, அந்தச் சட்டம் என்ன என்று கேட்டாள்.

தேசவழமை என்றேன். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெட்டியோடு வந்தோம் என்று எல்லோருக்கும் சொல்கிறோமே, தேசவழமையும் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. எலிசாவுக்கு விளங்கப்படுத்தினேன். பெண் கொண்டுவந்த சீதனம் பெண்ணுக்கு. பரம்பரையாக வந்த முதுசம் வந்தவருக்கு. கலியாணத்துக்குப் பிறகு உழைத்துத் தேடிய தேட்டம் இரண்டு பேருக்கும் பாதி பாதி. இதை அறியாதவர்கள் எங்கள் ஊரில் உண்டா? நிருஷாவின் சீதனத்துக்கு நீங்களே எத்தனை பேருக்கு இதை விளங்கப்படுத்தினீர்கள்?

வலன்ரைன் எழுதுவித்த கடதாசியில், நாங்கள் மொன்றியலில் கலியாணம் கட்டினவர்கள் போலத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கே கட்டினீர்கள் என்று நொத்தாரிசு கேட்டாரா, அதற்கு நடுக் கதிரை என்ன பதில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இந்தக் கடதாசி நிற்குமா விழுமா என்று எலிசா உறுதியாகச் சொல்லவில்லை. ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவர் எழுதித் தராமல் தான் ஒன்றும் சொல்லக்கூடாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒருத்தியை இந்த விஷயத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் ஒன்றைச் சொன்னாள். வழக்குப் போட்டு உடைக்கலாம், அது காலமும் காசும் தின்னும். அல்லது இரண்டு பேரும் விரும்பி வந்தால் புதிதாக ஒன்று எழுதலாம்.

வழக்கா, விருப்பமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குணேஸ்வரி


ரொக்ஸ்பரோ
13 மார்ச் 2026

குணம்,

உம்முடைய கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வலன்ரைனிடம் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"டேய், நாங்கள் எங்க கலியாணம் கட்டினனாங்கள் எண்டு நொத்தாரிசு கேட்டவரோ?"

"கேட்டவர் அண்ணை. இலங்கை எண்டு சொன்னனான். பேந்து ரண்டு பேரும் கனகாலம் இஞ்சதான் எண்டு சொன்னனான். அவர் சரி எண்டிட்டார்."

"தேசவழமை எண்டு ஒண்டு இருக்கெண்டு சொன்னியோ?"

சிரித்தான். "அண்ணை, கனடாவுக்கு வந்தாப் பிறகு என்ன தேசவழமை? பனங்கொட்டையையும் கொண்டு வந்தனீங்களோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு, அவனுடைய மேசையில் இருந்த நாட்காட்டியை எடுத்து எறிந்தேன். அவன்மேல் படவில்லை. நிருஷாவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு நான் தேசவழமை கதைத்தபோது பக்கத்தில் இருந்து தலையாட்டியவன் அவன். அன்றைக்கு இருந்த சட்டம் இன்றைக்குப் பனங்கொட்டை ஆகிவிட்டது.

இன்னொன்றும் கேட்டேன். பிணை இல்லாமல் கடன் தரமாட்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது? சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னான். முழுக் கடனுக்கும் பிணை நிற்கிற அளவுக்குத் தகப்பனிடம் வீடு இருக்கிறது என்று கடன்காரருக்குச் சொன்னதே அவன்தான். ரதீசனின் களஞ்சியத்துக்குக் கணக்கு எழுதுகிறவனும் அவன், எனக்கு ஆலோசனை சொல்கிறவனும் அவன், உமக்கு மொழிபெயர்க்கிறவனும் அவன்.

அந்த ஆயிரத்து எண்ணூறு டொலர்தான் வீண் செலவு.

நான் சொன்ன காரணம் பொய் இல்லை. உமக்கு ஒன்றும் வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதை நீர் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய. ஆனால் அந்த அறையில் நீர் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். சுவரில் இருந்தது ஒரு பாய்க்கப்பல் படம். மூன்று பாய். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

வழக்கு வேண்டாம். கடன்காரர் கெடு முப்பத்தொன்று. ரதீசன் ஒவ்வொரு நாளும் வந்து வாசல் படியில் இருந்துவிட்டுப் போகிறான். நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும். ஒவ்வொன்றாக எழுதும், விட்டுவிடாமல்.

இரவிச்சந்திரன்


கார்ட்டியர்வில்
17 மார்ச் 2026

ரதீசனின் அப்பாவுக்கு,

ஒவ்வொன்றாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதில் ஒன்றையும் பேரம் பேச வேண்டாம்.

முதலில் நீங்கள். முப்பத்தொன்றாம் திகதி பிணையில் கையொப்பம் வைக்கக்கூடாது. அதை ரதீசனிடம் நீங்களே சொல்ல வேண்டும். என்னைச் சாட்டக்கூடாது. "அம்மா விடுறா இல்லை" என்ற சொல் உங்கள் வாயில் வந்தால் நான் இந்த வீட்டிலேயே இருந்துவிடுவேன். அம்மாவிடம் கேட்காமல் அம்மா சம்மதம் என்று உனக்குச் சொன்னேன் என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரதீசன் குளிரறைக்காரரிடம் போய் நாளைப் பின்போட வேண்டும். கடன்காரரிடம் போய், முழுப் பிணை இல்லை, ஒரு எல்லைக்கு உட்பட்ட பிணைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்க வேண்டும். பிறகு களஞ்சியத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும். எந்தக் கடை எவ்வளவு வாங்குகிறது, எது பழுதாகிறது, மின்சாரம் நின்றால் மீனுக்கு என்ன நடக்கும் என்று நான் கேட்பேன். நாற்பது பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருடம் சாமான் கணக்குப் பார்த்தவள் நான். பதில் சொல்ல முடியாவிட்டால், கடன்காரர் கேட்கும்போது என்ன சொல்லப் போகிறான்?

கணக்கு எழுத அவன் வேறு ஆள் பிடிக்கட்டும்.

வலன்ரைன், எனக்கு என்ன சொன்னான் என்பதைத் தன் கைப்பட எழுதி அந்த நொத்தாரிசுக்கு அனுப்ப வேண்டும். சாசனம் என்று நீங்கள் சொல்லிக் கூட்டி வந்ததையும், தான் அதைத் திருத்தாததையும், பக்கம் பக்கமாக வாசித்ததை ஒரு வசனமாகச் சொன்னதையும் எழுத வேண்டும். பிரதி எலிசாவுக்கு. அவன் எழுதாவிட்டால் நான் எழுதுவேன், அப்போது அந்த நாட்காட்டியையும் சேர்த்து எழுதுவேன். இனி நீங்கள் எதையும் அவன்மேல் எறிய வேண்டாம். உங்கள் வலது தோள் ஏற்கனவே நோ.

அந்த நொத்தாரிசு, எங்கள் கோப்பை எலிசாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு உங்கள் கடிதமும் வேண்டுமாம். இத்துடன் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கீழே தமிழில் வரிக்கு வரி போட்டிருக்கிறேன். வாசித்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள். வாசிக்காமல் வைத்தால் எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் தேசவழமை தெரிந்த ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, எழுத்தில் வாங்கி, எலிசாவுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தச் செலவு என்னுடைய சேமிப்பில் இருந்து. மொழிபெயர்ப்பாளரின் செலவு உங்களுடையது. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதற்குக் காரணம் எழுதத் தேவையில்லை.

புதிய ஒப்பந்தம் எலிசா எழுதுவாள். அதில் இருக்க வேண்டியது இதுதான். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அந்தத் திகதிவரை தேடியது எல்லாம் பாதி பாதி. யாருடைய பெயரில் இருந்தாலும் பாதி பாதி. அதற்குப் பிறகு ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் வைக்கிற கடன், வைத்தவருடைய தலையில். சொல்லி, இருவரும் சேர்ந்து வைத்தால் இருவருக்கும். உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர், எனக்கென்று ஒருவர். இரண்டு மடங்கு செலவு வரும். வரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். ரதீசனின் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டால், எல்லை போட்ட அந்தப் பிணையில் நானும் கையொப்பம் வைப்பேன். அவனுக்குக் கொடுக்க வேண்டியது தகப்பன் மட்டும் தனியாகக் கொடுக்கிற பொருள் இல்லை. நிருஷாவின் சீதன உறுதியில் இரண்டு பேர் கையொப்பம் இருக்கிறது, போய் எடுத்துப் பாருங்கள். இதை ஜனவரியில் காருக்குள் கேட்டிருந்தால் வழியிலேயே சொல்லியிருப்பேன்.

நிருஷா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவளுக்குப் போன் எடுத்து அழுவதை நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு பெட்டி மீன் கொடுங்கள், பனி தள்ளியதற்கு.

எலிசாவிடம் நாள் வாங்கியிருக்கிறேன். ஏப்ரல் ஒன்பது, வியாழன், காலை பத்து மணி. பிள்ளை பிறப்பதற்கு முன் அவள் வேலைக்கு வருகிற கடைசிக் கிழமையாம், அதனால் பிந்தக்கூடாது. நான் காரை எடுக்க வரமாட்டேன். நீங்கள் புது ரயிலில் ஏறி வாருங்கள். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்குங்கள், நான் வாசலில் நிற்பேன். அங்கிருந்து இரண்டு பேரும் பஸ்ஸில் போகலாம்.

எலிசாவின் அறையிலும் மூன்று கதிரைதான் போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எலிசாவின் பக்கத்தில் இருப்பா. ஓரக் கதிரை எனக்கு. நடுக் கதிரையில் நீங்கள் இருக்க வேண்டும்.

சுவரில் படம் ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன்.

குணேஸ்வரி